ஒரே சான்றிதழ், மூன்று வழிகள்: குருண் இளைஞர்களின் கைக்கு யார் தொழில் கற்றுத் தருவது?

ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் குருண், பார்ப்பதற்குச் சிறிய பட்டணம். ஆனால் தொழிற்சாலைகளைக் கணக்கிட்டால் பெரிய ஊர். மோடெனாஸ் மோட்டார் சைக்கிள்கள் 1996 முதல் இங்கேதான் தயாராகின்றன. பெட்ரோனாசின் உரத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. நாசா நிறுவனம் நடத்தி வந்த கார் தொழிற்சாலை இப்போது ஸ்டெல்லாந்திஸ் கையில் இருக்கிறது. அந்நிறுவனம் லீப்மோட்டார் சி10 என்ற மின்சாரக் காரை குருணிலேயே பொருத்தப் போவதாக 2025-இல் அறிவித்தது.

இந்தத் தொழிற்சாலைகளுக்கு வெளியே, பெரிய சாலையின் இரு பக்கமும் மோட்டார் பட்டறைகள், டயர் கடைகள், வெல்டிங் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை இந்தப் பட்டறைகளில் பார்க்கலாம். படிவம் ஐந்தை முடித்தவர்களும், முடிக்காமல் வந்தவர்களும் இருப்பார்கள். கையில் ஸ்பேனர் இருக்கும். வேலையும் ஓரளவு தெரியும். ஆனால் அதை நிரூபிக்க ஒரு காகிதம் இருக்காது.

இன்னொரு பக்கம், கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் வேலைநாளில் முதலாளி ஓர் இயந்திரத்தைக் காட்டிப் பிரிக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். ஒருவருக்குக் கை இருக்கிறது, காகிதம் இல்லை. மற்றவருக்குக் காகிதம் இருக்கிறது, கை பழகவில்லை.

திவேட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்வியைப் பற்றி நாட்டில் இப்போது அதிகம் பேசப்படுகிறது. தேசிய திவேட் கொள்கை 2030 என்ற திட்டமும் 2024-இல் வந்துவிட்டது. நம் சமுதாயக் கூட்டங்களிலும் எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், கடனுதவி உண்டா என்ற கேள்விகள் வருகின்றன. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் அந்தப் பட்டறையில் பாடம் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பிள்ளையின் கை தேறுமா, தேறாதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

உளி பிடித்த கைகள் சொல்லும் பாடம்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. தோட்டப்புறத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும், பால் மரம் வெட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்வார். மரம் சீவுவது பார்க்க எளிது, செய்யக் கடினம். பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் ஆழமானால் உள்ளே இருக்கும் வளர்திசுவில் பட்டு மரத்துக்குக் காயமாகிவிடும். காயம்பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் கணக்கு.

இதை வாயால் சொல்லி விளக்கிவிட முடியாது, பார்த்து மட்டுமே கற்றுக்கொள்ளவும் முடியாது. முதலில் அனுபவசாலி ஒருவர் சீவிக் காட்டுவார். பிறகு புதியவர் கையில் உளியைக் கொடுத்து, தன் கையையும் அதன் மேல் வைத்து இழுப்பார். வெட்டித் தள்ளப் போகும் கிழட்டு மரங்களில் பழகவிட்டால் தவறு நடந்தாலும் நட்டமில்லை. பிறகு சொந்த நிரை. அதன் பின்னும் மேற்பார்வையாளர் வந்து காயத்தை எண்ணிப் பார்ப்பார்.

காட்டுவது, கைப்பிடித்துச் செய்ய வைப்பது, தவறு செய்யப் பாதுகாப்பான இடம் கொடுப்பது, தொடர்ந்து சரிபார்ப்பது. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஆலன் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்குத் தொழிலாளர்களை விரைவாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தில் அவர் 1919-இல் எழுதிய நூலில், ஆயத்தப்படுத்துதல், காட்டுதல், செய்ய வைத்தல், சோதித்தல் என்று நான்கு படிகளை வகுத்தார். இன்றைக்கும் உலகெங்கும் தொழில் பயிற்றுநர்களுக்குச் சொல்லித் தரப்படும் நான்கு படிகள் இவை. நம் தோட்டத்து வழக்கமும் அதிகம் விலகியதல்ல.

தோட்டத்தில் இல்லாத ஒன்று, 'ஏன்' என்பதற்கான விளக்கம். ஏன் இவ்வளவு சரிவில் சீவ வேண்டும், ஏன் விடியற்காலையில் சீவ வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். கை மட்டும் பழகியவர்கள் தலைமுறை தலைமுறையாக நிரையிலேயே நின்றார்கள். இன்றைய பட்டறைப் பயிற்சியை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

மூன்று வழிகள்

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐ மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே. வழங்குகிறது. நிலை 1 முதல் 3 வரை எஸ்.கே.எம். அதற்கு மேல் நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா. இந்தச் சான்றிதழைப் பெற மூன்று வழிகள் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கடைசியில் கிடைப்பது ஒரே சான்றிதழ்தான். ஆனால் கை பழகும் விதம் மூன்றிலும் வேறு வேறு.

முதலாவது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேர்ந்து படிப்பது. நமக்குப் பழக்கமான வழி இது. கூலிமில் அட்தெக், ஜித்ராவில் ஐ.எல்.பி. என்று நாம் அறிந்த பயிற்சிக் கழகம், தனியார் மையங்கள் எனப் பல இடங்கள் உள்ளன. தகுதியுள்ளவர்கள் பி.டி.பி.கே. கடனுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி 2005-இல் தொடங்கப்பட்டது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி பயிற்சி மையத்தில் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் மையத்துக்குப் போகலாம். அல்லது சில மாதம் வேலையிடம், ஒரு மாதம் மையம் என்று மாறி மாறிப் போகலாம்.

மூன்றாவது, பி.பி.தி. எனப்படும் முன் அனுபவ அங்கீகாரம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர், தான் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, அவருடைய திறனை உறுதி செய்து கொள்வார். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம். கை தவறு செய்யும்போது யார் திருத்துகிறார்? எப்போது திருத்துகிறார்? காரணத்தைச் சொல்லித் திருத்துகிறாரா?

மையத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

பயிற்சி மையத்தின் பலம் அதன் ஒழுங்கு. 1868-இல் மாஸ்கோவின் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் ஒரு முறையைக் கொண்டு வந்தார். முழுப் பொருளைச் செய்யச் சொல்லாமல், தொழிலைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்தார். அரம் போடுவது, துளையிடுவது, மரை வெட்டுவது என்று எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தப் பயிற்சித் துண்டுகள் வைக்கப்பட்ட பிறகு உலகம் அதைக் கவனித்தது. இன்றைய பயிற்சி மையங்களின் அடித்தளம் அதுதான்.

வெல்டிங்கை எடுத்துக் கொள்வோம். இதைப் பார்த்துப் பழகுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியாக, எரியும் முனையையும் அதைச் சுற்றிச் சிறிது இடத்தையும் தவிர வேறெதுவும் சரியாகத் தெரியாது. குச்சிக்கும் தகட்டுக்கும் இடைவெளி, நகரும் வேகம், சாய்வு, மின்னோட்டத்தின் அளவு ஆகிய நான்கையும் கை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். நல்ல பயிற்றுநர் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கற்றுத் தருவார். முதலில் தரையில் கிடக்கும் தகட்டில் நேர்கோடு. பிறகு கிடைமட்ட இணைப்பு, செங்குத்து இணைப்பு, கடைசியாகத் தலைக்கு மேல் வேலை. ஒவ்வொரு தகட்டையும் வெட்டி வளைத்துப் பார்த்து, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா, கசடு சிக்கியிருக்கிறதா என்று மாணவனுக்கே காட்டுவார். வாடிக்கையாளரின் கதவுச் சட்டத்தை வைத்துக்கொண்டு சாலையோர வெல்டிங் கடையில் இப்படிச் செய்ய முடியாது.

மையத்தின் குறை, அங்கே எல்லாம் தயாராக இருப்பது. பயிற்சி இயந்திரத்தில் எந்தப் பழுது இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். சில நாட்களில் மாணவனுக்கும் தெரிந்துவிடும். துருப்பிடித்து நகராத போல்ட், முன்பு யாரோ தவறாக ஒட்டுப் போட்ட வயர், அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் எதுவும் அங்கே கிடையாது. இருபது பேருக்கு நான்கு இயந்திரம் என்றால், ஒருவர் கழற்ற மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பதே பாடமாகிவிடும். கணினித் திரையில் வெல்டிங் பழக்கும் பாவிப்புக் கருவிகளும் வந்திருக்கின்றன. குச்சியும் தகடும் வீணாகாமல் கையசைவைப் பழக அவை உதவும். ஆனால் சூடும் புகையும் தெறிக்கும் பொறியும் உண்மையான பட்டறையில்தான் உண்டு.

சாலையோரப் பட்டறையில் கற்பது

பட்டறைப் பையனின் நிலை இதற்கு நேரெதிர். அவன் கைக்கு வேலை ஓய்வதில்லை. ஒரு மாதத்தில் அவன் தொடும் கப்சாய் மோட்டார்களை மையத்து மாணவன் ஒரு தவணையில் தொட மாட்டான். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எஞ்சின் நிலையைச் சொல்லிவிடுவான். கறுத்து கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பழுப்பாக இருந்தால் சரி. இது புத்தகத்தை விடப் பட்டறையில் நன்றாகப் பதியும் அறிவு.

ஆனால் இங்கே திருத்துவது பெரும்பாலும் திட்டுதான். ஆயில் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய உறையின் மரை தேய்ந்து போகும். ஃபோர்மேன் திட்டுவார். பையன் அடுத்த முறை கொஞ்சம் தளர்வாக இறுக்குவான். ஏன் அந்த அளவு, அதை அளக்கும் டார்க் ஸ்பேனர் எதற்கு, கையேட்டில் அந்த எண் எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பல நேரம் ஃபோர்மேனுக்கும் யாரும் சொன்னதில்லை.

கார்புரேட்டர் காலத்தில் இது போதுமாக இருந்தது. காதால் கேட்டு, ஸ்குருவைத் திருகி, மறுபடி கேட்டுச் சரிசெய்யலாம். இன்று மோட்டார் சைக்கிள்களிலும் எரிபொருளை உட்செலுத்தும் மின்னணு அமைப்பு வந்துவிட்டது. சென்சார் தரும் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார். அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும்.

மின்சார வண்டியில் இந்த முறை உயிருக்கே ஆபத்து. அதன் பேட்டரி பொதுவாக 400 வோல்ட் அளவில் இயங்குகிறது. வீட்டு மின்சாரத்தை விட அதிகம். பழுதான பாகம் சத்தம் போடாது, வாசனையும் வராது. முதலில் உயர்மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும். மின்காப்புக் கையுறையுடன் மீட்டரை வைத்து, மின்னழுத்தம் பூச்சியம் என்று பார்த்த பிறகுதான் ஆரஞ்சு நிற வயரைத் தொட வேண்டும். இதில் தவறு செய்து கற்றுக்கொள்ள இடமே இல்லை. குருணிலேயே மின்சாரக் கார் பொருத்தப்படும் காலத்தில், பார்த்துப் பழகிக்கொள் என்ற பழைய பேச்சு நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரட்டைப் பயிற்சியின் பொருத்தம்

இப்படிப் பார்த்தால், எஸ்.எல்.டி.என். முறையே குருண் போன்ற ஊருக்கு அதிகம் பொருந்துகிறது. கை பழகுவது உண்மையான வேலையில். காரணம் விளங்குவது மையத்தில். இந்த வாரம் மையத்தில் படித்த சென்சார் பாடத்தை அடுத்த நாளே பட்டறையில் சோதித்துப் பார்க்கலாம். பட்டறையில் புரியாத பழுதை மையத்தில் கேட்கலாம். தகவல் திரட்டுவது, திட்டமிடுவது, முடிவெடுப்பது, செய்வது, சரிபார்ப்பது, மதிப்பிடுவது என்ற ஆறு படிகளைப் பயிலுநரே கடக்க வேண்டும் என்பது ஜெர்மானிய முறையின் அடிப்படை. சொன்னதை மட்டும் செய்பவராக இல்லாமல், சொந்தமாக யோசித்து வேலை செய்பவரை அது உருவாக்கப் பார்க்கிறது. குடும்பத்துக்கு மாதாமாதம் கையில் பணம் தேவைப்படும் வீடுகளுக்கு, பயிற்சிக் காலத்திலேயே நிறுவனத்திடமிருந்து உதவித்தொகை கிடைப்பதும் பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த முறையின் வெற்றி ஓர் ஆளைப் பொறுத்தது. வேலையிடத்தில் பயிலுநருக்கு ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும். நல்ல மெக்கானிக் எல்லாரும் நல்ல பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. தனக்குக் கைவந்ததைப் பிரித்துச் சொல்வது தனித் திறமை. அக்கறை இல்லாத இடத்தில் பயிலுநர், மோட்டார் கழுவும் மலிவான ஆளாக மாறிவிடுவார். பெரிய தொழிற்சாலையிலும் ஒரு சிக்கல் உண்டு. பொருத்தும் வரிசையில் நிற்பவர் ஒழுங்கையும் அளவையும் நன்றாகக் கற்பார். ஆனால் நாள் முழுவதும் ஒரே பாகத்தைப் பொருத்தினால் முழு வண்டியும் புரியாது. சிறிய பட்டறையில் வேலை பலவிதம், ஒழுங்கு குறைவு. எங்கே சேர்ந்தாலும், பல பகுதிகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு

பத்து ஆண்டுகளாகப் பட்டறையில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு பி.பி.தி. நல்ல வழி. வேலையை விட்டுவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. இருந்தாலும் ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். பி.பி.தி. கற்றுத் தரும் முறையல்ல. ஏற்கெனவே தெரிந்ததை அங்கீகரிக்கும் முறை. கார்புரேட்டர் மட்டும் தெரிந்தவருக்கு அது மின்னணுவைக் கற்றுத் தராது. எனவே கோப்புத் தயாரிக்கும்போதே எந்தப் பகுதியில் ஆதாரம் இல்லையோ, அதைக் குறித்துக்கொண்டு அதற்கு மட்டும் குறுகியகாலப் பயிற்சி எடுப்பது நல்லது.

இங்கே தடையாக இருப்பது பெரும்பாலும் எழுத்துதான். செய்த வேலையைப் படம் பிடித்து, மலாயில் விவரம் எழுதி, வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் கை, படிவத்தைக் கண்டால் தயங்குகிறது. தமிழ் படித்தவர்களும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் உதவக் கூடிய இடம் இது. கோயில் மண்டபத்தில் வார இறுதியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒருவருடைய கோப்பை எழுதிக் கொடுக்க பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

பெற்றோர்கள் கேட்க வேண்டியவை

பிள்ளையைச் சேர்க்கும் முன் பயிற்சி இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரத் தாளைப் பார்க்காமல் பட்டறையைப் பாருங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள்? வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளையின் கை அதைத் தொடும்? தவறு செய்தால் யார், எப்படித் திருத்துவார்? பயிற்றுநர் கடைசியாக எப்போது தொழிற்சாலையில் வேலை செய்தார்? பாடத்துக்கான அங்கீகாரம் ஜே.பி.கே.-யிடம் இருக்கிறதா, எந்த நிலைக்கு? இந்த ஐந்து கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடம் பெரும்பாலும் நல்ல இடமாகவே இருக்கும்.

பட்டறை நடத்தும் நம் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பையனுக்குக் கற்றுக் கொடுத்தால் அடுத்த ஆண்டே எதிர்க்கடைக்குப் போய்விடுவான் என்ற பயம் நியாயமானது. ஆனால் கற்றுக் கொடுக்காத பையன் போகாமல் இருந்துவிட்டால், அவன் தேய்க்கும் மரைக்கும் தவறாக மாற்றும் பாகத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். எஸ்.எல்.டி.என். திட்டத்தில் பங்கேற்க முடியுமா என்று அருகிலுள்ள பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை பையன் தவறு செய்யும்போது, திட்டி முடித்த பிறகு, ஏன் அது தவறு என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

நம் பாட்டிகளுக்கு உளி பிடிக்கச் சொல்லித் தந்தவர்கள் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மோடெனாசும் ஸ்டெல்லாந்திசும் வாசலில் நிற்கும் ஊரில், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது அது கிடைக்கட்டும்.